ஆறு நிமிடப் பாடத்துக்குக் கேமரா திரும்பி வந்தது

பி.எட். கல்லூரிப் பேராசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் சொல்லித்தருவது பற்றிப் பேச்செடுத்தாலே, "அவங்க வயசுக்கு இனிமே எங்க வரப்போகுது" என்று யாராவது ஒருவர் முடித்துவிடுவார். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்வியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பித்தல் தாள் எடுக்கிறேன். கணினி தெரிந்தவள் என்பதால் தமிழ், கணிதம், அறிவியல், வரலாறு எடுக்கும் மூத்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவதும் என் வேலையாக வந்து சேர்ந்தது. சில வருடங்களாக இதைச் செய்ததில் ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்துவிட்டது. கற்பித்தலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. அங்கே பிடித்துத் தொடங்கினால் வேலை நடக்கிறது. மென்பொருளிலிருந்து தொடங்கினால் நடப்பதில்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒரு பி.எட். யூனிட்டில் 50 பேர். அவர்கள் ஒவ்வொருவரும் வெளியே போய் எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப்போகிறார்கள்! அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது, ஸ்மார்ட் போர்டு வந்துகொண்டிருக்கிறது, 2018இல் வரத் தொடங்கிய புதிய பாடப்புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு இருக்கிறது. 2015இல் பி.எட். இரண்டு வருடப் படிப்பானபோது ஐசிடிக்கென்று, அதாவது தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்துக்கென்று, தனியாக ஒரு தாளும் சேர்ந்தது. அந்தத் தாள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள் தலையில்தான் விழுகிறது. ஸ்லைடு போட, மதிப்பெண் பட்டியல் தயாரிக்க, கூகுள் ஃபார்ம் உருவாக்க நான் சொல்லித்தருவேன். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சுற்றுவட்ட மையத்தை எந்தக் கேள்வியோடு அறிமுகப்படுத்துவது என்பது கணிதம் கற்பித்தல் எடுக்கும் சாருக்குத்தான் தெரியும். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அந்த மையம் முக்கோணத்தை விட்டு வெளியே போகும் என்று நான் காட்டினேன். அவர் அப்படியே நிறுத்தச் சொன்னார். "வெளிய போறதுக்கு முன்னாடி ஒரு நொடி கோட்டு மேலேயே நிக்கும் பாருங்க. அங்க நிறுத்தி, இப்ப இது என்ன முக்கோணம்னு கேக்கணும்." செங்கோண முக்கோணம். மையம் கர்ணத்தின் நடுப்புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இழுவையை நான் நிறைய தடவை செய்திருக்கிறேன், ஒருநாளும் அந்த இடத்தில் நிறுத்தியதில்லை.

பெரிய ஹாலில் நடக்கும் பயிற்சிகள் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. காலையில் ஒருவர் வருவார், இருபது செயலிகளின் பெயர் திரையில் ஓடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கருத்துப் படிவம், அதை நிரப்பினால் சான்றிதழ். முன்வரிசையில் இருப்பவர்கள் ஃபோனில் படம் பிடித்துக்கொள்வார்கள். மறுநாள் வகுப்பில் எதுவும் மாறியிருக்காது. வந்தவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்களுடைய பாடம் எது, அதில் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அங்கே யாரும் கேட்கவே இல்லை.

இத்தனைக்கும் இதற்கான கோட்பாட்டை நடத்துகிறவர்களே இவர்கள்தான். ஒரு பாடத்தை அறிவது வேறு, அதைக் கற்பிக்கும்படி அறிவது வேறு என்று லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். அதன்மேல் தொழில்நுட்ப அறிவு என்ற மூன்றாவது வட்டத்தைச் சேர்த்து புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் டிபேக் (TPACK) சட்டகத்தைக் கொடுத்தார்கள். மூன்று வட்டமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் அந்தப் படத்தைக் கல்வியியல் கல்லூரிகளில் வரைந்து காட்டுகிறார்கள், தேர்விலும் கேட்கிறார்கள். ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் மூத்த மேடம் ஒருவரிடம் அந்தப் படத்தைத் தாளில் வரைந்து காட்டி, "மேடம், இதுல ரெண்டு வட்டம் உங்களுக்கு ஏற்கெனவே நிறைஞ்சு கெடக்கு" என்று சொன்னேன். மேடம் சிரித்துவிட்டு, "மூணாவதுக்கு நீ இருக்கல்லா?" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் உட்காருகிறோம், பாடத்துக்கு ஒருவர், பட்டனுக்கு ஒருவர்.

இதில் நன்றாகப் பலன் தந்தது மைக்ரோ டீச்சிங். பி.எட். படித்த யாருக்கும் இது மறக்காது. நுண்ணிலைக் கற்பித்தல் என்று பாடத்திட்டத்தில் பெயர். ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு, சக மாணவர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்து ஆறு நிமிடம் பாடம் நடத்த வேண்டும். ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் மறு திட்டமிடல், மறுபடி ஆறு நிமிடப் பாடம், மறுபடி ஆறு நிமிடப் பின்னூட்டம். மொத்தம் 36 நிமிடம். இது நம் நாட்டுக்கென்று என்சிஇஆர்டி வகுத்த முறை. மூலம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். டுவைட் ஆலனும் அவர் கூட்டாளிகளும் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அங்கே அதன் உயிரே வீடியோதான். நடத்தியவர் தன் பாடத்தைத் தானே பார்க்க வேண்டும் என்பதற்காகப் படம் பிடித்தார்கள். நம் கல்லூரிகளில் அன்றைக்கு வீடியோ கேமராவுக்கு எங்கே போவது? கேமரா இருந்த இடத்தில் உற்றுநோக்கல் படிவமும் ஒரு பார்வையாளரும் வந்தார்கள். அது அன்றைய வசதிக்குத் தக்க நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். ஆனால் இன்றைக்கு அந்தக் கேமரா எல்லோர் பையிலும் இருக்கிறது. படிவம் மட்டும் அப்படியே தொடர்கிறது.

உயிரியல் கற்பித்தல் எடுக்கும் சார் ஒருவரோடு இதைத் தொடங்கினேன். ஃபோனை நிறுத்த ட்ரைபாட் இல்லை. வேதியியல் லேபிலிருந்து ரிடார்ட் ஸ்டாண்ட் கொண்டுவந்தோம். குடுவையின் கழுத்தைப் பிடிக்கும் அந்தக் கவ்வி ஃபோனையும் அழகாகப் பிடிக்கிறது, ரப்பர் உறை மட்டும் இருக்க வேண்டும். படுக்கைவசமாக வைத்தால் கரும்பலகையும் முதல் வரிசையும் சேர்ந்து விழும். ஃப்ளைட் மோடில் போடாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடும். மின்விசிறி ஓடினால் குரல் கேட்காது, அதனால் அந்த ஆறு நிமிடமும் விசிறியை நிறுத்திவிட வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் அது சாதாரண விஷயமில்லை, ஆனால் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டார்கள்.

உடனே ஒரு சிக்கல் வந்தது. பின்னூட்டத்துக்கு இருப்பது ஆறு நிமிடம், வீடியோவும் ஆறு நிமிடம். முழுசாகப் பார்த்தால் பேச நேரமில்லை. இதற்கு வழி சொன்னது சார்தான். உற்றுநோக்கல் படிவத்தில் டிக் போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதச் சொன்னார். பார்வையாளராக இருக்கும் மாணவர் "2.40, கேள்வி" என்று குறித்துவைப்பார். பாடம் முடிந்ததும் குறித்த இரண்டு இடத்தை மட்டும் ஓட்டிப் பார்ப்போம். பழைய படிவம் அப்படியே இருக்கிறது, ஒரு நிரல்தான் கூடியது. வேறு எந்தச் செயலியும் இதற்குத் தேவைப்படவில்லை.

அன்றைய திறன் கிளர்வினா கேட்டல், அதாவது பிள்ளைகளைத் துருவி யோசிக்கவைக்கும் கேள்வி கேட்பது. ஒரு மாணவி ஒளிச்சேர்க்கை எடுத்தாள். "இலையில பச்சையமே இல்லன்னா செடிக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள், நல்ல கேள்வி. கேட்ட வேகத்திலேயே "உணவு தயாரிக்க முடியாது, இல்லையா?" என்று தானே பதிலும் சொல்லிவிட்டாள். படிவத்தில் பார்வையாளர் கேள்விக்கு டிக் போட்டிருந்தார், திறன் சரி என்று கணக்கு. சார் ஃபோனைக் கையில் வாங்கி, அந்த இடத்துக்கு விரலால் இழுத்து, ஓடவிட்டு நொடியை எண்ணினார். ஒன்று முடிவதற்குள் அவள் குரல் மறுபடி வந்துவிட்டது. மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் கண்டுசொன்னது இதே விஷயம்தான். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடி; அதை மூன்று நொடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். சார் இதை வருடா வருடம் நடத்துகிறவர். ஆனால் அந்த ஒரு நொடியைத் தன் மாணவியின் பாடத்திலேயே அளந்து பார்த்தது அன்றைக்குத்தான். மறுகற்பித்தலில் அந்தப் பெண் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "வெள்ளையா இலை உள்ள செடியெல்லாம் இருக்கே, அது எப்படி உயிரோட இருக்கு?" என்றான். வகுப்பு அங்கேதான் பிடித்தது.

அதற்கு அடுத்த வாரம் சார் என்னைத் தேடி வந்து, "ம்மா, என் கிளாஸையும் ஒரு ஆறு நிமிஷம் எடுத்துக் குடு, யாருக்கும் அனுப்பாத" என்றார். எடுத்துக்கொடுத்தேன். தான் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஜன்னலோர வரிசைக்கே போகின்றன என்று அவரே கண்டுபிடித்து, மாணவர்களிடமும் சொன்னார். ஒரு மூத்த பேராசிரியர் தன் வகுப்பைத் தானே பார்த்துப் பேசினால், பயிற்சி மாணவர்களுக்குக் கேமரா மேல் இருக்கும் பயம் பாதி போய்விடுகிறது. இதை நான் எத்தனை ஸ்லைடு போட்டாலும் செய்ய முடியாது.

பதிவு என்றதும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் மாணவர்களில் பெண்கள் அதிகம், திருமணமானவர்களும் நிறைய. தன் வீடியோ எங்கே போகும் என்ற கவலை அவர்களுக்கு நியாயமானது. பாடம் நடத்துகிறவரின் ஃபோனிலேயேதான் பதிவு செய்கிறோம், அடுத்தவர் ஃபோனில் கிடையாது. பின்னூட்டம் முடிந்ததும் வைத்துக்கொள்வதும் அழிப்பதும் அவர் விருப்பம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது என்பதில் விதிவிலக்கே இல்லை. வேண்டாம் என்கிறவருக்குப் பழைய படிவ முறை இருக்கிறது, அதற்காக ஒரு மதிப்பெண்ணும் குறையாது. பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகும்போது பிள்ளைகளைப் படம் பிடிப்பதே இல்லை. இந்தக் கட்டுப்பாடுகளை முதல் நாளே சொல்லாமல் எந்தக் கல்லூரியும் இதைத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இயற்பியல் கற்பித்தல் மேடத்தின் கதை வேறு. அறிவியல் சோதனைகளைத் திரையில் செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) சிமுலேஷன்களை அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம், சிலவற்றுக்குத் தமிழும் உண்டு. ஆனால் கல்லூரியில் இணையம் வரும், போகும். வகுப்பு நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றால் ஒருமுறையிலேயே ஆசிரியருக்கு வெறுத்துப்போகும். இந்த சிமுலேஷன்களை ஒரே கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம், பிறகு இணையமே வேண்டாம், பிரௌசரில் திறக்கும். இதைக் காட்டியதுதான் நான் செய்த உதவி. மற்றதெல்லாம் மேடம்.

மின்சுற்று எடுத்துக்கொண்டார். ஒரு பேட்டரி, தொடராக இரண்டு பல்ப். ஓடவிடுவதற்கு முன்னால், "எந்த பல்ப் பிரகாசமா எரியும்? எழுதி வைங்க" என்றார். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு வந்த மாணவர்களே சிலர் முதல் பல்ப் என்று எழுதினார்கள். மின்னோட்டம் முதல் பல்பில் கொஞ்சம் செலவாகி, மிச்சம்தான் இரண்டாவதுக்குப் போகும் என்பது அவர்கள் எண்ணம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதே எண்ணம் இருக்கும் என்று மேடத்துக்குத் தெரியும், அதனால்தான் அந்தக் கேள்வியையே எடுத்தார். பிறகு ஓடவிட்டார். இரண்டும் ஒரே அளவு எரிந்தன. அம்மீட்டரை முன்னே வைத்தார், நடுவே வைத்தார், பின்னே வைத்தார், எண் மாறவில்லை. கடைசியில் சிமுலேஷனை மூடிவிட்டு, மேஜை மேல் நிஜ பேட்டரியும் ஒரே மாதிரியான இரண்டு டார்ச் பல்பும் வைத்தார். "திரையில பாத்ததை நம்பிட்டுப் போயிராதீங்க, கையால இணைச்சுப் பாருங்க." இந்த வரிசை, அதாவது முதலில் ஊகம், பிறகு திரை, பிறகு கை, எந்தச் செயலிக் கையேட்டிலும் இல்லை. நானாக இருந்தால் சிமுலேஷனை ஓட்டிக் காட்டுவதோடு நிறுத்தியிருப்பேன்.

தமிழ் கற்பித்தல் மேடத்திடம் போனபோது வேறொரு சுவர் இருந்தது. அவருடைய இருபது வருடக் குறிப்புகள், வினா வங்கி, பாடத்திட்டங்கள் எல்லாம் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களான வானவில்லிலும் பாமினியிலும் இருந்தன. டிடிபி சென்டரில் அடித்தது பாதி, அவரே அடித்தது பாதி. ஃபோனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். இந்த நிலையில் அவரிடம் போய் கூகுள் கிளாஸ்ரூம் பற்றிப் பேசுவது அநியாயம். எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியவைக்கும் பொதுக் குறியீடுதான் யூனிகோடு. தமிழக அரசு அதை ஏற்று ஆணை போட்டது 2010இல். ஆனால் வீட்டுக் கணினியில் இருக்கும் கோப்புகளை யார் வந்து மாற்றித்தருவார்கள்? உட்கார்ந்து ஒவ்வொன்றாக என்ஹெச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றியில் போட்டோம். நடுவில் ஆங்கில வார்த்தைகள் இருந்தால் அவையும் தமிழெழுத்துக் கலவையாக மாறிவிடும், அந்த வரிகளைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். மெய்ப்புப் பார்ப்பதில் மேடத்தை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஒரு கொம்பு இடம் மாறியிருந்தாலும் கண்ணில் படும்.

அவருக்கு இருந்த பெரிய பயம், யூனிகோடு என்றால் புதிதாகத் தட்டச்சு படிக்க வேண்டுமோ என்பது. மேடம் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு விசைப்பலகையைத் தேர்வு செய்யலாம் என்று காட்டினேன். விரல் போகிற இடமெல்லாம் பழைய இடம், திரையில் விழுவது யூனிகோடு. அன்று மாலை ஒரு பக்கம் முழுக்க நிறுத்தாமல் அடித்துவிட்டுத்தான் எழுந்தார். புதிய முறையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று இந்த வயதில் அவர் விரல்களிடம் கேட்க யாருக்கும் உரிமையில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது அவர் மாணவர்களின் கட்டுரைகளைப் பகிர்ந்த ஆவணத்தில் திருத்துகிறார். வரிக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதுகிறார், திருத்தத்தை மாணவரே செய்ய வேண்டும். பழைய வடிவங்களைத் திறந்து, ஒரு பத்தி எப்படி மாறி வந்தது என்று வகுப்பில் காட்டுகிறார். குரல்வழித் தட்டச்சை வைத்து ல, ள, ழ உச்சரிப்பைச் சோதிக்கலாமா என்று நான் ஒரு யோசனை சொன்னேன். இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். "தப்பா சொன்னாலும் அது சரியான வார்த்தையை ஊகிச்சு எழுதிருதும்மா. பிள்ளைக்கு நாக்கு திருந்தாது." சரியான காரணம், விட்டுவிட்டோம்.

செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் பாடத்திட்டம் இப்போது எல்லா ஸ்டாஃப் ரூமிலும் பேச்சு. கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறதா என்று என்னைக் கேட்கிறார்கள். தமிழுக்கு அப்படி நம்பி மதிப்பெண் குறைக்கும் அளவுக்கு எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். வரலாறு எடுக்கும் சார் வைத்திருக்கும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி, மூடிவைத்துவிட்டு, "இந்தப் பாடத்துக்கு வகுப்புக்குள்ள எந்தப் பொருளை எடுத்துட்டுப் போவ? எந்த இடத்துல பிள்ளைங்களுக்குச் சந்தேகம் வரும்?" என்று கேட்பார். தானே யோசித்தவர் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுவார்.

அதே சார்தான் இப்போது எனக்கு அடுத்த வேலை கொடுத்திருக்கிறார். கொற்கை ஒரு காலத்தில் பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். இன்றைக்கு ஊர் கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மாணவர்கள் கூகுள் எர்த்தில் அந்தத் தூரத்தைத் தாங்களே அளந்து, துறைமுகம் எப்படி நிலத்துக்குள் வந்தது என்று கேட்டு, தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் வரைக்கும் போக வேண்டும் என்பது அவர் திட்டம். பக்கத்து அகழாய்வு இடங்களான ஆதிச்சநல்லூரையும் சிவகளையையும் அதே வரைபடத்தில் குறிக்க வேண்டுமாம். லேப் இணையத்தை நம்பி ஐம்பது பேரை உட்கார வைக்க முடியாது என்பதால், நான்கு கணினியில் மட்டும் முன்கூட்டியே அந்தப் பகுதியைத் திறந்து வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு அச்சிட்ட படமும் அளவுகோலும் கொடுப்பதாக ஏற்பாடு. திங்கட்கிழமைக்குள் கலர் பிரிண்டருக்கு இங்க் வாங்க வேண்டும்.